அப்பா வாசலில் உட்காரட்டும்

குடும்பச் சமரசம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், பாளையங்கோட்டையில் சமரசராக இருக்கும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்களும்

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. ஊர் முக்கூடல் பக்கம். அவர் சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒன்றரை வருடமாக மகளோடு அப்பா வீட்டில் இருக்கிறேன், பீடி சுற்றுகிறேன். மகளுக்கு 7 வயது. அடிதடி ஒன்றும் கிடையாது, ஆனால் சேர்ந்து வாழும் எண்ணம் இரண்டு பேருக்குமே போய்விட்டது. கல்யாணத்துக்குப் போட்ட 25 பவுனில் 14 பவுன் அவர் கடைக்காக அடகில் கிடக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடிக்கலாம் என்கிறார்கள். கூடப் பீடி சுற்றும் மதினி ஒருத்தி, பாளையங்கோட்டை கோர்ட்டில் சமரச மையம் இருக்கிறது, அங்கே போ என்கிறாள். இரண்டும் ஒன்றுதானே? செலவு எவ்வளவு ஆகும்? பிள்ளையை அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் ஒன்று இல்லை தங்கச்சி. ஊர்க்கூட்டத்தில் கடைசியில் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்வார். கேட்காவிட்டால் அபராதம், ஒதுக்கிவைப்பது என்று போகும். இந்த மாதிரிக் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கிலேயே சொல்லிவிட்டது. நல்ல மனசோடு பேசித் தீர்க்கும் பெரியவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் சித்தப்பா கூட்டும் கூட்டத்தில் உன்னைப் பேசச் சொல்வார்களா? அதை முதலில் கேட்டுப் பார்.

சமரச மையத்தில் உட்காரும் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே கிடையாது. 40 மணி நேரப் பயிற்சி முடித்த வக்கீலோ ஓய்வு பெற்ற நீதிபதியோ உட்காருவார். முதலில் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பேசுவார். அப்புறம் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். தனியாகப் பேசும்போது நீ சொன்னதை, நீ சரி என்று சொன்னால் ஒழிய அவரிடம் சொல்ல மாட்டார். பேச்சு முறிந்தாலும், உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று நீதிபதிக்கு எழுத மாட்டோம். முடிந்தது அல்லது முடியவில்லை, அவ்வளவுதான் அறிக்கை. 2010-இல் உச்ச நீதிமன்றம் மோத்தி ராம் வழக்கில் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. "அன்னைக்கு சமரசத்துல நீயே ஒத்துக்கிட்டியே" என்று நாளைக்குக் கூண்டில் வைத்து உன்னை யாரும் மடக்க முடியாது.

இன்னொரு பயம் எல்லோருக்கும் உண்டு. நீ எழுதவில்லை, நானே சொல்கிறேன். போனால் எப்படியாவது சேர்த்து வைத்துவிடுவார்கள் என்பது. குடும்ப நல நீதிமன்றத்தில் இருக்கும் ஆலோசகர் சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று பார்ப்பார், அது அவர் வேலை. சமரசருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. மரியாதையாகப் பிரிவதற்குப் பேசவும் நாங்கள் உட்காருகிறோம்.

செலவு? கோர்ட் சமரச மையத்தில் சமரசருக்கு நீ ஒரு பைசா தர வேண்டாம். வழக்கே போடாமலும் வரலாம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் அவருக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். பெண் என்பதால் உனக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. முதலில் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டுக்கொண்டும் போகலாம்.

அவர் நோட்டீசுக்கு வராமல் இருந்தால் கட்டி இழுத்துவர முடியாது. அப்போது வழக்குப் போட்டுவிடு. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, மனைவி தான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். போட்ட பிறகு நீதிபதியே முதலில் சமரசத்துக்குத்தான் அனுப்புவார். 1984-ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு அதை அவர் கடமையாகவே வைத்திருக்கிறது.

இனி உன் அப்பா விஷயம். வரும்போது அழைத்து வா, பஸ் ஏறித் தனியாக வர வேண்டாம். ஆனால் பேச்சு நடக்கும்போது அவர் வாசலில் உட்காரட்டும். அப்பா பக்கத்தில் இருந்தால் மகள் அப்பாவின் வார்த்தையைத்தான் பேசுவாள், அம்மா பக்கத்தில் இருந்தால் மகனும் அப்படித்தான். ஆட்களையும் ஊரையும் மாற்றி ஒன்று சொல்கிறேன். நகை, பணம், பிள்ளை எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. கடைசியில் ஒரு பித்தளைப் போணியில் வந்து நின்றது. பெண்ணின் மாமா சீர்வரிசை எழுதிய நோட்டை மேஜையில் போட்டு, "இந்தா, ஏழாவது வரி பாருங்க" என்கிறார். பையனின் அம்மா, "அது நான் பாத்திரக் கடையில காசு குடுத்து வாங்குனது" என்று சத்தியம் செய்கிறார். இரண்டு பக்கப் பெரியவர்களையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். கதவு சாத்தியதும் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "அது அவ ஆச்சி குடுத்ததுதான் மேடம். எனக்குத் தெரியும். அம்மா முன்னால சொல்ல முடியல" என்றான். அந்தப் பெண் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, அத்தைகிட்டயே இருக்கட்டும்" என்றாள். சீர்வரிசை நோட்டில் இருக்கும் எந்த வரிக்கும் இது கட்டுப்படாது.

நகைக்கு வருவோம். கல்யாணத்தில் உனக்குப் போட்டது உன் சொத்து, கணவரிடம் அது பொறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டம் உன் பக்கம் இருப்பது ஒன்று, அடகு ரசீது உன் கையில் இருப்பது வேறொன்று. ரசீது யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கடை அல்லது பேங்க், வட்டி எதுவரை கட்டியிருக்கிறது என்று கேட்டு வாங்கு. வட்டி நின்றால் நகை ஏலத்துக்குப் போய்விடும், பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று பேங்க் காத்திருக்காது. ஒப்பந்தத்தில் 14 பவுன் என்று எழுதாமல் 112 கிராம் என்று எழுதச் சொல், என்னென்ன உருப்படி என்றும் எழுது. நகையாகத் திருப்பித் தருவாரா, பணமாகவா? பணம் என்றால் எந்தத் தேதி விலை? பேசிய நாள் விலையா, கொடுக்கும் நாள் விலையா? தங்கம் ஏறுகிற ஏற்றத்தில் இந்த ஒரு வரி விட்டுப்போனதால் மறுபடி வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். கல்யாண ஆல்பமும் நகைக்கடை பில்லும் இருந்தால் எடுத்து வா.

பிள்ளை பற்றிப் பயப்படாதே. உன் கையெழுத்து இல்லாமல் சமரசத்தில் எதுவும் முடியாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெரும்பாலும் தாயிடம் என்று 1956-ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் ஐந்து தாண்டினால் அப்பாவுக்கு என்று யாரோ ஒரு கணக்குச் சொல்லிச் சொல்லி நம் பக்கம் பரப்பிவிட்டார்கள். அப்படி இல்லை. எந்த வயதிலும் பிள்ளையின் நலன்தான் முதலில். ஆனால் அப்பாவைப் பார்க்க அவளுக்கு ஒரு வழி வேண்டும், அதைப் பொத்தாம்பொதுவாக எழுதாதே. "வசதிப்பட்டபோது பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிய ஒப்பந்தம் மூன்றாவது மாதமே சண்டையாகிவிடும்.

மாதத்தில் எந்த ஞாயிறு, முக்கூடலுக்கு அவர் வருவாரா, திருநெல்வேலியில் யார் வீட்டில் விடுவது, கூட்டிவரும் ஆள் யார்? மே மாத லீவில் எத்தனை நாள் சென்னையில்? போன் எப்போது? மளிகைக் கடைக்காரர் கடை சாத்த ராத்திரி பத்து ஆகும், அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று, பங்குனி உத்திரம். பிள்ளை அவர் வழிக் குலதெய்வமான சாஸ்தாவுக்கு உரியது, குடும்பமே கோயிலில் கூடும்போது பேத்தி மட்டும் இல்லை என்றால் அந்த ஆச்சி தாத்தா பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு நாளை நீயாகவே முதலில் கொடுத்துப் பார். பேச்சின் சூடு பாதி அங்கேயே இறங்கிவிடும். உனக்கு ஆனித் தேரோட்டமோ தீபாவளியோ எது முக்கியமோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்.

செலவுத் தொகையை மாதம் இன்ன தேதி, பேங்க் கணக்கில் என்று எழுது. பள்ளிக் கட்டணம் தனி, வருடா வருடம் எவ்வளவு கூட்டுவது என்பது தனி. "எனக்கு ஒண்ணும் வேண்டாம், விட்டா போதும்" என்று உன் பங்கை நீ விடலாம். மகளுடைய ஜீவனாம்ச உரிமையை எழுதிக்கொடுக்க உனக்கு உரிமை இல்லை, எழுதினாலும் செல்லாது. கடை வருமானம் என்ன என்று தெரியாது என்கிறாயா? 2020-இல் ரஜ்னேஷ் - நேகா வழக்கில் ஜீவனாம்சம் கேட்கும் இடத்தில் இரண்டு பேரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் படிவமே போட்டுக் கொடுத்திருக்கிறது. சமரசத்திலும் அதையே வைத்துக் கேட்கலாம். உன் பீடிக் கூலியையும் அதில் காட்ட வேண்டிவரும், மறைக்காதே.

கடைசியாக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் கல்யாணம் முறிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அதை நீதிமன்றம்தான் முறிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போடுங்கள். ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. மனுவுக்கு அப்புறம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். ஆனால் மனுப் போடுவதற்கு முன்பே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகி, சேர்த்துவைக்கும் முயற்சி பலிக்காமல், பணம், பிள்ளை எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் வந்திருக்கிறது. உன் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. தீர்ப்பு நகல் வாங்கிய கையோடு ரேஷன் கார்டில் பெயர் மாற்றத்துக்கும் எழுதிக்கொடு. இதை மறந்துவிட்டு ஒவ்வொரு பொங்கல் பரிசுக்கும் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், நான் வள்ளியூர். மனைவி கொடுத்த வரதட்சணைக் கொடுமைப் புகாரில் என் மீதும் அம்மா, அக்கா மீதும் மகளிர் காவல் நிலையத்தில் வழக்கு இருக்கிறது. இப்போது சமரசத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்தால் வழக்கு முடிந்துவிடும் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு இந்தக் குற்றத்தைப் புகார் கொடுத்தவரே வாபஸ் வாங்க முடியாது. பழைய 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும் காகிதம் ஃபைலில் கிடக்கும், சம்மன் வந்துகொண்டே இருக்கும். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் மனுப் போட வேண்டும். உங்கள் மனைவி ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். குடும்பத் தகராறு பேசித் தீர்ந்துவிட்டால் இப்படி ரத்து செய்யலாம் என்று 2003-இலேயே பி.எஸ். ஜோஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மதுரை மனுவுக்கு அவர் எப்போது கையெழுத்துப் போடுவார் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே சேர்த்து எழுதுங்கள். பணம் முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிட்டு மதுரைக்கு வருவாரா வரமாட்டாரா என்று ஆண்கள் தவிப்பதும், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டாம் தவணைக்குப் பெண்கள் அலைவதும் இரண்டுமே நடக்கிறது. விவாகரத்து மனுப் போடும்போது ஒரு பங்கு, மதுரையில் வழக்கு ரத்தாகும்போது ஒரு பங்கு, கடைசித் தீர்ப்பு அன்று மீதி என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. பிள்ளையைப் பார்ப்பதை மட்டும் இந்தத் தவணைகளோடு முடிச்சுப் போடாதீர்கள்.

கேள்வி: குடித்துவிட்டு அடிக்கிறார். போன மாதம் கை எலும்பு விலகியது. "கோர்ட் கேஸ் எதுக்கு, சமரச மையத்துல போய் உக்காந்து பேசுங்க" என்று அண்ணன் சொல்கிறான். போகலாமா அம்மா? (அம்பாசமுத்திரம்)

பதில்: இப்போது போக வேண்டாம் மகளே. ஒருவருக்கு இன்னொருவரைப் பார்த்தாலே நடுக்கம் என்றால் அங்கே நடப்பது பேச்சு ஆகாது. வெளியே போனால் ராத்திரி என்ன நடக்குமோ என்ற நினைப்பிலேயே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாய். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய், உடனே ஆபத்து என்றால் 112. கைக்குச் சிகிச்சை எடுத்தபோது எப்படி அடிபட்டது என்று உள்ளதைச் சொன்னாயா? மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மறுபடி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய், அந்தப் பதிவின் நகலை வாங்கி வைத்துக்கொள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் உனக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அவர் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை கேட்கலாம். மனு எழுத மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார்.

பின்னாளில் நீதிபதி சமரசத்துக்கு அனுப்பினாலும், அவரோடு ஒரே அறையில் உட்கார மாட்டேன் என்று நீ சொல்லலாம். தனி அறை, தனி நேரம், வக்கீல் கூடவே என்று கேள். அண்ணனிடம் இந்தப் பதிலைக் காட்டு. அவனுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

கேள்வி: களக்காட்டுக்காரன் நான். மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, பாண்டு பத்திரத்தில் உறவை முறித்து அத்து எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டு, நோட்டரி சீலும் வாங்கிவிட்டோம். வருகிற தை மாதம் மகனுக்கு வேறு இடத்தில் முடிக்கலாம் அல்லவா?

பதில்: முடிக்கக் கூடாது அண்ணாச்சி. இரண்டு வீட்டாரும் சண்டை இல்லாமல் பேசி முடித்தது நல்ல காரியம்தான். ஆனால் நோட்டரி சீல் கல்யாணத்தை முறிக்காது. இன்றைய தேதிக்கு உங்கள் மகன் கல்யாணமானவர். தையில் முகூர்த்தம் வைத்தால் அது செல்லாத கல்யாணம், மேற்கொண்டு இருதார மணக் குற்றமும் ஆகும். புதிதாக வரும் பெண்ணுக்கு மனைவி என்ற இடம் சட்டத்தில் இருக்காது. அந்தப் பெண்ணின் அப்பாவாக உங்களை வைத்துப் பாருங்கள்.

"எங்க சாதியில காலங்காலமா இப்படித்தான்" என்பீர்கள். இந்து திருமணச் சட்டம் 29-ஆவது பிரிவு வழக்கப்படியான முறிவை ஏற்றுக்கொள்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக விடாமல் இருந்துவருகிறது என்று நீங்கள் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும், அது லேசில் ஆகிற வேலை இல்லை. அதைவிடச் சுலபம், நீங்கள் பேசி முடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு இருவரும் 13-பி மனுப் போடுவது. தையை விட்டு ஆவணியைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள். சமரச மையம் எங்களுக்கும் உண்டா? (பாளையங்கோட்டை)

பதில்: எல்லோருக்கும் உண்டு. பேசுவதற்கு மதம் கிடையாது. முடிவில் நீதிமன்றம் எந்தச் சட்டத்தில் தீர்ப்புக் கொடுக்கிறது என்பதுதான் மாறும். உங்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டம், அதில் 2001-இல் சேர்த்த 10-ஏ பிரிவு.

கேள்வி: நான் துபாயில் வேலை செய்கிறேன். மனைவி மேலப்பாட்டம் பக்கம் அவள் அம்மா வீட்டில். இருவரும் பிரியச் சம்மதம், பேசவும் தயார். லீவு வருடத்துக்கு ஒரு மாதம்தான். எப்படிச் செய்வது?

பதில்: பேச்சை இப்போதே தொடங்கிவிடலாம். வீடியோவில் பேச இரண்டு பேரும் சம்மதித்தால் சமரசரிடம் கேளுங்கள், நேரத்தை உங்கள் வார லீவு நாளுக்கோ ராத்திரிக்கோ ஒதுக்கிக்கொள்ளலாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரூமில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து பேசாதீர்கள், அந்தப் பெண்ணுக்குக் கஷ்டமாக இருக்கும்.

விவாகரத்து மனுவில் நேரில் வர முடியாதவர்களுக்கு வீடியோ வழியையும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர் மூலம் ஆஜராவதையும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று மேலே சொன்ன அதே 2017 தீர்ப்பில் இருக்கிறது. தம்பிக்குப் பவர் கொடுப்பதானால் அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள், இங்கே வந்ததும் அதற்கு முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். ஆனாலும் முதல் மனுவுக்கு நேரில் வந்துவிடுவது நல்லது, நீதிபதிக்கு உங்கள் சம்மதத்தை உங்கள் வாயால் கேட்டால்தான் திருப்தி. லீவுத் தேதி தெரிந்ததும் முதலில் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மே மாதம் கோர்ட் விடுமுறை, அந்த மாதத்தில் டிக்கெட் போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.